கேள்வி–பதில்: பைத்தான் 2 புரோகிராம் 3-இல் ஏன் ஓடவில்லை?

கேள்வி: பைத்தான் என்ற கணினி மொழியின் 2-ஆம் பதிப்பில் எழுதிய பழைய புரோகிராம், பைத்தான் 3-இல் பிரிண்ட் (வெளியீட்டைக் காட்டும்) வரியிலேயே பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஓடிக்கொண்டிருந்த இலக்கணத்தை ஏன் மாற்றினார்கள்?

பதில்: பைத்தான் 2-இல் பிரிண்ட் ஒரு தனிக் கட்டளை. வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்ப '>>' என்ற தனிக் குறியே தேவைப்பட்டது. 2008-இல் வந்த பைத்தான் 3 அதைச் சாதாரண ஃபங்ஷனாக்கியது, அடைப்புக்குறி கட்டாயமானது. பழைய புரோகிராம்கள் ஓடாமல் போகும் என்று தெரிந்தே செய்ததால்தான் பதிப்பின் முதல் எண்ணையே 2-இலிருந்து 3-ஆக மாற்றினார்கள்.

பிரிண்ட் பிழை உடனே கண்ணில் படும், திருத்திவிடலாம். கவனம் வேண்டியது வகுத்தலில். 3/2 முன்பு 1 தந்தது, இப்போது 1.5. பிழைச்செய்தி எதுவும் வராது, கணக்கு மட்டும் மாறிவிடும். முதலில் பழைய புரோகிராமைப் பைத்தான் 2.7-இலேயே '-3' என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். முழு எண்களை வகுக்கும் இடங்களில் எச்சரிக்கை வரும். முழு எண் விடை வேண்டிய இடத்தில் '//' போடுங்கள். அது இரண்டு பதிப்பிலும் ஒரே விடைதான் தரும்.