பரிவட்டமும் ஆமோஸும்

அன்புள்ள ஐயா,

வணக்கம்ங்க. நான் கோபிப் பக்கம். எங்களூர் நோம்பியில் (கோயில் திருவிழாவில்) முதல் மரியாதை எந்தக் கூட்டத்துக்கு, அதாவது எந்தக் குலத்துக்கு என்று இந்த வருசமும் தகராறு, பொங்கலே நின்றுபோனது. அந்தச் சலிப்பில் பைபிளை எடுத்தேன். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மனிதரைத் தன் சாயலில் படைக்கிற கடவுள், 12-ஆம் அதிகாரத்தில் ஆபிராமை மட்டும் கூப்பிடுகிறார். அப்புறம் ஆபிராமின் வழிவந்த இஸ்ரவேல்தான் கடவுளுக்குச் சொந்த ஜனம். இதுவும் கூட்டப் பெருமைதானே?

வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

சந்தேகம் நியாயமானது. ஆனால் ஓரிடத்தில் இடிக்கிறது.

தமிழ் பைபிள் இதைத் ‘தெரிந்துகொண்டார்’ என்கிறது. தேர்ந்தெடுத்தார் என்ற பழைய பொருளில். குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்று அதிகாரமே உண்டு. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என நான்கு வகையிலும் சோதித்துத்தான் ஆளை எடுக்க வேண்டும். பைபிளின் உபாகமம் 7-ஆம் அதிகாரத்தில் அப்படி எந்தச் சோதனையும் இல்லை. நீங்கள் பெருங்கூட்டம் என்பதற்காக அல்ல, எல்லாரிலும் சொற்பம் நீங்கள்தான் என்கிறார் மோசே. அன்பு வைத்தார், முன்னோருக்கு வாக்குக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான் காரணம். நம்மூரில் யாராவது ‘எங்களுக்கு ஒரு தகுதியும் இல்லீங்க, பரிவட்டம் கட்டுங்க’ என்று கேட்டதுண்டா?

பைபிளில் ஆமோஸ் தீர்க்கதரிசியைப் படியுங்கள். நம் காங்கேயம் பக்கத்துப் பட்டிக்காரர்கள் மாதிரி ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழம் பொறுக்கியவர். பூமியின் வம்சங்களில் உங்களை மட்டுமே அறிந்துகொண்டேன் என்று கடவுள் சொல்வதாகத் தொடங்குகிறார். கேட்பவன் பரிவட்டத்துக்குத் தலையைக் குனிந்திருப்பான். அடுத்த சொல் ‘ஆகையால்’. ஆகையால் உங்கள் அக்கிரமத்துக்கெல்லாம் உங்களைத் தண்டிப்பேன்! 9-ஆம் அதிகாரத்தில் இன்னும் மேலே போகிறார். உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்தேன், சரி. பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தது யார்? ஜென்ம விரோதியான பெலிஸ்தருக்கும் ஒரு யாத்திராகமம், இஸ்ரவேல் எகிப்தைவிட்டு வந்த கதை மாதிரி. பைபிளில் நான் அடிக்கடி திரும்பிப் போகிற இடம் இது.

இதோடு கணக்குத் தீரவில்லை. அதே உபாகமம் 7-இல், ஐந்து வசனம் முன்னால், இஸ்ரவேல் குடியேறப் போகிற கானானின் ஏழு இனங்களையும் இரக்கமில்லாமல் அழிக்கச் சொல்கிறது. அவர்களும் கடவுளின் சாயல்தானே? அந்தக் காலத்துப் போர் அப்படி என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. பக்கத்து இனமான மோவாபியர் சபைக்குள் வரக்கூடாது என்பதும் உபாகமம்தான். ஆனால் ரூத் மோவாபியப் பெண், இஸ்ரவேலின் ராஜா தாவீது அவளுடைய கொள்ளுப்பேரன். ஒரே புத்தகக் கட்டுக்குள் பங்காளிச் சண்டை நடக்கிறது.

இயேசு கூடவே அலைந்த யூதரான பேதுருவுக்கே, ரோமப் படைக்காரன் கொர்நேலியுவின் வீட்டுக்குள் போன பிறகுதான் தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று உறைக்கிறது. நான் சிறுவயதில் போன சர்ச்சில் ‘யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை’ என்று சுவரில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே யார் பெஞ்சில், யார் பாயில் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

பொங்கல் திரும்ப வைத்தார்களா? எழுதுங்க.