கணித வினாடி வினாவும் ரிவியில் மச்சும்: கேள்வி பதில்

இந்த வார இறுதியில் பல பிள்ளைகளுக்கு வலய மட்டக் கணித வினாடி வினா. ரிவியில் கிரிக்கெட் மச்சும் இருக்கிறது. கணிதம் படிப்பித்தவன், மைதானத்தில் ஸ்கோர் எழுதுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சுன்னாகம், ஒரு அம்மா: சேர், மகனுக்கு ஞாயிறு காலை போட்டி. சனி இரவு மச் பார்க்க விடலாமா?

முதல் இன்னிங்ஸ் மட்டும் பார்க்கட்டும். ஏழு மணிக்குத் தொடங்கும் ருவென்ரி20 முடியப் பதினொரு மணியாகிவிடும். முதல் இன்னிங்ஸ் ஒன்பதுக்கு முன்னரே முடியும், அதோடு படுக்கலாம். அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினால், அப்பா போடும் சத்தத்தை வைத்து விக்கெட் எண்ணிக்கொண்டு கிடப்பான். படிப்பும் இல்லை, நித்திரையும் இல்லை. இன்னொன்று, போட்டி முடிந்து வாசலுக்கு வரும்போதே “எத்தனை சரி?” என்று கேட்காதீர்கள். சாப்பிட்ட பிறகு அவனே சொல்வான்.

கோண்டாவில்: மச் பார்ப்பதால் கணிதத்துக்குப் பிரயோசனம் உண்டா, சேர்?

சும்மா பார்த்தால் இல்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து ஸ்கோர் எழுத விடுங்கள். ஓட்டமில்லாப் பந்துக்குப் புள்ளி, வைட்டுக்குச் சிலுவை, நோ போலுக்கு வட்டம். இன்னிங்ஸ் முடிய, துடுப்பாட்டக்காரர் எடுத்த ஓட்டங்களையும் உதிரிகளையும் (வைட், நோ போல், பை, லெக் பை) கூட்டினால் அணியின் மொத்தம் வர வேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களோடு, பந்து துடுப்பில் படாமல் ஓடி எடுத்த பை, லெக் பையைக் கூட்டினாலும் அதே மொத்தம் வர வேண்டும். வைட்டும் நோ போலும் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறும், பையும் லெக் பையும் ஏறாது. இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் பிழை எந்த ஓவரில் என்று பிள்ளையே தேடிப் பிடிக்கும். விடையைச் சரிபார்க்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

அடுத்தது ரன் ரேட், அதாவது ஓவருக்கு எத்தனை ஓட்டம் என்ற கணக்கு. 1996 உலகக் கிண்ண இறுதி, லாகூர்: ஆஸ்திரேலியா 50 ஓவரில் 241, இலங்கை 46.2 ஓவரில் 245. பிள்ளைகள் 245ஐ 46.2ஆல் பிரித்து 5.30 என்பார்கள். பிழை. 46.2 என்பது 46 ஓவரும் 2 பந்தும், அதாவது 278 பந்து. 245ஐ 278ஆல் பிரித்து ஆறால் பெருக்கினால் 5.29. துவித எண் (0, 1 மட்டும் கொண்டு எழுதும் எண்) படித்த பிள்ளைக்கு இது கெதியாக விளங்கும்: அங்கே இரண்டு சேர்ந்தால் அடுத்த இடம், இங்கே ஆறு பந்து சேர்ந்தால் அடுத்த ஓவர்.

பருத்தித்துறை: மகளுக்கு ஞாயிறு போட்டி. சனி இரவு மச் பார்க்கலாமா?

மேலே சொல்லியிருக்கிறேன். முதல் இன்னிங்ஸ்.

வேலணை: மழை வந்தால் டிஷ்ஷில் படம் நிற்கிறது, என்ன செய்வது?

பூட்டித் தந்தவரைக் கேளுங்கள்.

நல்லூர்: 2023 ஆசியக் கிண்ண இறுதியில் நாங்கள் 15.2 ஓவரில் 50க்குச் சுருண்டோம். லீக் மச்சில் அப்படி நடந்தால், புள்ளி சமமான அணிகளை வரிசைப்படுத்தும் ரன் ரேட்டுக்கு 15.2ஆல் பிரிக்காமல் முழு 50 ஓவராலும் பிரிப்பது அநியாயம் இல்லையா?

அநியாயம் இல்லை, தம்பி. விளையாடிய 92 பந்தால் பிரித்தால் 3.26, முழு 50 ஓவரால் பிரித்தால் 1.00. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். ஓர் அணி கண்ணை மூடிக்கொண்டு அடித்து 20 ஓவரில் 120க்கு எல்லோரும் ஆட்டமிழக்கிறது. எதிரணி பொறுமையாக 50 ஓவரில் 250 எடுத்திருக்கிறது. உங்கள் முறையில் தோற்றவனுக்கு 6, வென்றவனுக்கு 5! தந்த 50 ஓவரையும் பயன்படுத்த ஏலாமல் போனது துடுப்பாட்டத்தின் குறைதானே.

நல்லூர், மறுபடியும்: சரி, அப்படியென்றால் விக்கெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு விக்கெட்டால் வென்றவனும் பத்து விக்கெட்டால் வென்றவனும் ஒன்றா?

இதில் நான் உங்கள் பக்கம். ஒரே அளவு ஓட்டத்தை ஒரே அளவு ஓவரில் துரத்தினால் இருவருக்கும் ஒரே ரேட்தான், அந்தக் கணக்குக்கு விக்கெட் தெரியாது. மழைக்குப் பயன்படும் டக்வேர்த் லூயிஸ் ஸ்டேர்ன் முறை மிச்ச ஓவரையும் மிச்ச விக்கெட்டையும் சேர்த்தே பார்க்கிறது. புள்ளி சமமானால் அந்த வழியில் கணக்கிடுவதுதான் நேர்மை.

மானிப்பாய்: ஏன் இவ்வளவு கரைச்சல்? தங்களுக்குள் மோதியதில் வென்றவன் மேலே போகட்டும்.

இரண்டு அணிக்குச் சரிவரும். மூன்று அணிகள் வட்டமாக ஒன்றையொன்று வென்றிருந்தால்? திரும்பவும் ரன் ரேட்டுக்குத்தான் வர வேண்டும்.

சாவகச்சேரி: சனி இரவு மச்…

முதல் இன்னிங்ஸ், பிறகு நித்திரை. வாசலில் மார்க்ஸ் கேட்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுதமாட்டேன்.

கொடிகாமம், ஒரு மாணவி: சேர், பொத்தானை அழுத்திப் பதில் சொல்லும் பஸர் சுற்றில் சரிக்கு 10, பிழைக்கு 5 குறைப்பு. நான்கு விடை தருவார்கள். சந்தேகம் இருந்தால் அழுத்தலாமா?

நல்ல கேள்வி, பிள்ளை. ஒன்றுமே தெரியாமல் அழுத்தினால் நான்கில் ஒரு தடவை 10 வரும், மூன்று தடவை ஐந்தைந்தாக 15 போகும். நட்டம். ஒரு விடை நிச்சயமாகப் பிழை என்று தெரிந்தால் மிச்சம் மூன்று: 10 வரும், 10 போகும். இரண்டு விடைகளைத் தள்ள முடிந்தால் 10 வரும், 5 மட்டும் போகும். அப்போது யோசிக்காமல் அழுத்துங்கள்.