மாப்பிள்ளை வாங்கிய பந்து

கேள்வி: சிகாகோவில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை, கிறிஸ்டி மேத்யூசன் என்ற அந்தக் கால பேஸ்பால் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) கையெழுத்துப் போட்ட பந்தைச் சான்றிதழோடு விலைக்கு வாங்கி, இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். படம் இணைத்துள்ளேன். பீரோவில் அந்துருண்டை போட்டு வைக்கலாமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: அந்துருண்டைக்கு அப்புறம் வருகிறேன், அம்மா. கையெழுத்துக்குப் பின்பக்கம் மங்கலாக ஒரு முத்திரை தெரிகிறதே, அதில் ஃபோர்டு ஃபிரிக் என்று இருக்கிறது. அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக், தன் பந்துகளில் அந்தந்தக் கால லீக் தலைவரின் பெயரை அப்போதெல்லாம் அச்சடித்து வந்தது. ஃபிரிக் தலைவரானது 1934-இல். மேத்யூசன் காசநோயில் இறந்ததோ 1925-இல், 45 வயதில். அப்புறம் எங்கிருந்து வந்து கையெழுத்துப் போட்டார்?

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. 373 வெற்றிகள். 1905 வேர்ல்டு சீரிஸில், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரில், ஆறே நாளில் மூன்று ஆட்டம், எதிரணிக்கு ஒரு ரன் கூடக் கொடுக்கவில்லை. சீக்கிரம் போய்விட்டதால் அவர் கையெழுத்து அபூர்வம். போலி போடுபவர்களுக்கு அதுதான் வசதி.

முத்திரை அழிந்தே போயிருந்தாலும் பேனா காட்டிக்கொடுத்திருக்கும். மைப்பேனாவில் எழுதினால் மை தோலில் ஊறி ஓரம் லேசாகப் பரவும். உங்கள் பந்தில் கோடு பள்ளமாக, ஒரே சீராக ஓடுகிறது, பால்பாயின்ட். அமெரிக்கக் கடைகளில் அது விற்பனைக்கு வந்ததே 1945-இல்தான்.

மாப்பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். மதுரையில் முப்பது வருடம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்து, செக் கையெழுத்தை மாதிரி அட்டையோடு ஒத்துப் பார்த்தவன் நான். அப்படிப்பட்ட நானே புது மண்டபம் பக்கம் ஒரு பழைய பேப்பர்காரரிடம், காமராஜர் கையெழுத்து என்று ஓர் அழைப்பிதழை வாங்கி ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்தால், கோடும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மை கொஞ்சமும் கூடவில்லை. அச்சு! என் சம்சாரம் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அவருக்கு ஆசை விடவில்லை என்றால் சை யங் என்ற இன்னொரு பழைய பிட்ச்சரின் கையெழுத்தைத் தேடச் சொல்லுங்கள். 511 வெற்றிகள் கண்டவர், ஓஹையோவில் 1955 வரை இருந்தார், ரசிகர்கள் கேட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். அதனால் மேத்யூசன் அளவுக்கு அரிது இல்லை. அதையும் வெயில் படாமல் வைக்க வேண்டும். மேலே வார்னிஷ் பூசினால் பந்து பழுத்துப் பழுப்பாகிவிடும்.

இந்தப் பந்துக்கு அந்துருண்டை தேவையில்லை. சான்றிதழோடு விற்றவருக்கே திருப்பி அனுப்பட்டும். பணம் கைக்கு வரும்வரை பேரன் கண்ணில் மட்டும் காட்டிவிடாதீர்கள்.