கேள்வி பதில்: சம்பவ இடத்தில் கேமரா

கே: சார், நான் கல்யாணப் படங்கள் எடுப்பவன். அவ்வப்போது ஸ்டேஷனிலிருந்து சம்பவ இடத்தைப் படமெடுக்கக் கூப்பிடுகிறார்கள். எதில் தொடங்குவது?

ப: யாரும் எதையும் தொடுவதற்கு முன்னால் தொடங்குங்கள். முதலில் தூரத்துப் படங்கள்: தெரு, வாசல், அறையின் நான்கு மூலைகள். அடுத்து, கத்தி கட்டிலுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளிக் கிடக்கிறது என்று காட்டும் படங்கள். கடைசியில்தான் குளோசப். அதில் ஸ்கேல் இல்லாமல் ஒன்று, ஸ்கேலோடு ஒன்று. இல்லாவிட்டால் “ஸ்கேலுக்கு அடியில் என்ன இருந்தது?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். கல்யாண வீட்டுப் பழக்கத்தில் சரியாக விழாத படத்தை அழித்துவிடாதீர்கள். 41-ஆம் எண்ணுக்கு அப்புறம் 43 வந்தால் குறுக்கு விசாரணை முழுக்க அந்த 42-ஐப் பற்றித்தான்.

கே: ஈர மண்ணில் செருப்புத் தடம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்தால் தட்டையாக விழுகிறதே?

ப: ஃபிளாஷ் கேமராவின் மேலேயே இருந்ததுதான் காரணம். தடத்தைக் காட்டுவதே நிழல். நேராக அடிக்கும் வெளிச்சம் அதைக் கொன்றுவிடும். டிரைபாடில் கேமராவைத் தடத்துக்கு நேர் மேலே, தரைக்கு இணையாக வையுங்கள். ஃபிளாஷைக் கழற்றித் தரையோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். மூன்று நான்கு பக்கங்களிலிருந்தும் எடுங்கள். வெயில் இருந்தால் ஒருவர் குடை பிடிக்கட்டும்.

பலர் கோட்டைவிடுவது ஸ்கேலில். தடம் பள்ளம், ஸ்கேலை மேட்டில் வைத்தால் அது கேமராவுக்குக் கிட்டே வந்து பெரிதாக விழும், செருப்பின் அளவு குறைந்துபோகும். பக்கத்து மண்ணைக் கொஞ்சம் பறித்து, தடத்தின் அடிமட்டத்துக்கு ஸ்கேலை இறக்குங்கள். தடயப் படங்களுக்கென்றே உள்ள எல் வடிவ ஏபிஎஃப்ஓ ஸ்கேல் கிடைத்தால் நல்லது. அதிலுள்ள வட்டங்கள் நீள்வட்டமாக விழுந்தால் கேமரா சாய்ந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கே: கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கறையை இருட்டில் ஒளிர வைக்கத் தெளிக்கும் ரசாயனம் லூமினால். அந்த ஒளியைப் படத்தில் எப்படிப் பிடிப்பது?

ப: விளக்கு எரியும்போதே ஃபோகஸை வைத்து ஒரு சாதாரணப் படம். கேமராவை அசைக்காமல் இருட்டாக்கி, தெளித்ததும் சுமார் 30 விநாடி ஷட்டரைத் திறந்து வையுங்கள். ஒளிர்ந்ததெல்லாம் ரத்தம் என்று எழுதிவிடாதீர்கள், பிளீச்சும் செம்பும்கூட ஒளிரும்.

கே: ஐயா, நான் சட்ட மாணவி. வாட்ஸ்அப்பில் வந்த படம் கோர்ட்டில் நிற்குமா?

ப: நிற்க வைப்பது கடினம் அம்மா. படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும், எடுத்த நேரம் முதலிய விவரங்களும் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், அதன் கைரேகை போன்ற ஓர் அடையாளக் குறியீடு. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். அதனால் அசல் கோப்புக்கு அன்றைக்கே ஹாஷ் எடுத்துப் பூட்டி வைத்து, நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும்.

கே: அந்த நகலில் வெளிச்சம் கூட்டலாமா? செல்போனே போதாதா?

ப: படம் முழுவதற்கும் ஒரே மாதிரி கூட்டலாம், என்ன செய்தோம் என்று எழுதி வைத்தால் போதும். போலீஸ் இடத்தைத் தேடும் சோதனையை செல்போனில் பதிவு செய்யச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் கைரேகைக்கும் காயத்துக்கும் நான் போனை நம்பமாட்டேன். இருட்டில் அது தானாகவே விவரங்களை மெழுகி, இல்லாத கோட்டையும் வரைந்துவிடும்.