அமெரிக்க கிராண்ட் ஜூரி ஆவணங்களை 50, 60 வருடம் கழித்தாவது வெளியாட்கள் பார்க்க முடியுமா?

சில சமயம் முடியும். எந்த ஊர் நீதிமன்றத்தில் மனு போடுகிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது.

கிராண்ட் ஜூரி தீர்ப்புச் சொல்லும் ஜூரி அல்ல. வழக்குத் தொடர முகாந்திரம் உண்டா என்று மட்டும் பார்க்கும் 16 முதல் 23 பேர். கதவைச் சாத்திக்கொண்டுதான் விசாரணை. சாட்சி பயமில்லாமல் பேசவேண்டும், குற்றச்சாட்டுக்கு ஆளாகாதவர் பெயர் கெடக்கூடாது என்பதற்காக ரகசியம். நியாயம்தான் என்று நானும் நினைத்திருந்தேன், ரோசன்பெர்க் வழக்கைப் படிக்கும்வரை.

அணுகுண்டு ரகசியத்தை சோவியத்துக்குக் கொடுத்ததாக ஜூலியஸ், எத்தல் ரோசன்பெர்க் தம்பதிக்கு 1953 ஜூனில் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். எத்தலுக்கு எதிரான முக்கிய சாட்சிகள் சொந்தத் தம்பி டேவிட் கிரீன்கிளாஸும் அவர் மனைவி ரூத்தும். தம்பி கொடுத்த குறிப்புகளை எத்தல்தான் டைப் அடித்தார் என்று 1951 விசாரணையில் இருவரும் சொன்னார்கள். அரசு வக்கீல் இறுதி வாதத்தில் அந்த டைப்ரைட்டரை வைத்தே எத்தலை வறுத்தெடுத்தார்.

வரலாற்றாசிரியர்கள் கேட்டு, நியூயார்க் நீதிபதி ஹெல்லர்ஸ்டைன் அனுமதித்து, 2008 செப்டம்பரில் கிராண்ட் ஜூரி சாட்சியங்கள் வெளிவந்தன. 1950 ஆகஸ்டில் ரூத் அங்கே சொன்னது: தாளில் எழுதியது நான், எடுத்துப்போனது ஜூலியஸ். டைப்ரைட்டர் பேச்சே இல்லை! டேவிட் ஆட்சேபித்ததால் அவர் சாட்சியம் மட்டும் அப்போது வெளிவரவில்லை. 2014ல் அவர் இறந்து, 2015 ஜூலையில் வந்தது. அக்காவிடம் இதைப் பற்றிப் பேசியதே இல்லை என்று அதில் சொல்லியிருக்கிறார். ஜூலியஸ் உளவு பார்த்தார் என்பது பின்னாளில் வேறு ஆவணங்களிலும் உறுதியாகிவிட்டது, அது தனிக் கதை. எத்தல் விஷயம்தான் எனக்கு இன்னும் நெருடுகிறது.

அப்புறம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். 1946ல் மூர்ஸ் ஃபோர்டில் இரண்டு கறுப்பினத் தம்பதிகளை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. கிராண்ட் ஜூரி நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. கொலைக்காக ஒருவர் மீதும் குற்றச்சாட்டு இல்லை. அந்தப் பதிவுகளைத் திறக்க 2017ல் கீழ்க்கோர்ட் உத்தரவிட்டது. ஆனால் கிராண்ட் ஜூரி ரகசியத்தைப் பற்றிய விதி 6(இ)யின் பட்டியலில் உள்ள காரணங்களுக்கு வெளியே திறக்க நீதிபதிக்கு அதிகாரமே இல்லை என்று ஜார்ஜியாவுக்கு மேல்கோர்ட்டான 11ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020ல் ரத்து செய்துவிட்டது. இத்தனைக்கும் தாள்கள் தொலைந்துபோகவில்லை. வழக்கு நடக்கும்போதே தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைத்துவிட்டன.