சுற்றுலாத்தலத்தைக் கெடுக்காமல் வளர்க்க எப்படித் திட்டமிடுவது?

கேட்டவருடைய ஊரில் மலையடிவாரத்தில் பழைய கோயிலும் குளமும் இருக்கிறதாம். சுற்றுலாவுக்காகக் குழு அமைத்திருக்கிறார்கள், எதிலிருந்து ஆரம்பிப்பது என்கிறார். நான் ரங்கூன்காரன். தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறவர்களைப் பர்மாவின் பழைய கோயில் நகரமான பகானுக்கு அழைத்துப் போகும் வேலையில் சில வருஷம் இருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

வருகிறவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்பதை முதலில் யோசியுங்கள். விளம்பரமெல்லாம் அப்புறம்.

2012-ல் பர்மாவுக்கு வந்த வெளிநாட்டவர் 10 லட்சத்துக்குச் சற்று மேல். 2019-ல் 43 லட்சம் என்றது அரசுக் கணக்கு. பகானில் கோயிலும் தூபியுமாக 3,500-க்கு மேல் இருக்கின்றன. ஆனாலும் சாயங்காலம் ஆனால் எல்லாருக்கும் வேண்டியது ஷ்வேசாண்டோ என்ற தூபியின் மேல்தளம்தான். கீழே செருப்புகள் குவிந்து கிடக்கும். செங்குத்தான படியில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் மேலே என் காலுக்கடியில் ஒரு செங்கல் ஆட்டம் கொடுத்தது. காலை எடுத்துப் பக்கத்துக் கல்லில் வைத்தேன், அதுவும் ஆடியது.

2016 பிப்ரவரியில் கோயில்கள்மேல் ஏறக்கூடாது என்று அறிவித்தார்கள். உடனேயே ஐந்து கோயில்களுக்கு விலக்கு வந்தது. அந்த ஆகஸ்டில் 6.8 அளவு நிலநடுக்கம், நானூறு கட்டடங்கள்வரை அடி வாங்கின. அதற்குப் பிறகுதான் படிகளுக்கு ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது, சூரியாஸ்தமனம் பார்க்க மண்மேடுகளும் எழும்பின. "இந்த மேட்டுக்கா தம்பி இவ்வளவு தூரம் கூட்டி வந்தே?" என்று என் ஆட்கள் முணுமுணுத்தார்கள். மேட்டை முதலிலேயே போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பழக்கிவிட்டுப் பிடுங்கினால் கோபம் வரத்தான் செய்யும்.

அடுத்தது ஊர்க்காரர்கள். 1990-ல் பழைய பகானில் குடியிருந்தவர்களைக் கிளப்பி, சில மைல் தள்ளி இன்றைய புதுப் பகானில் கொண்டுபோய் வைத்தது அன்றைய ராணுவ அரசு. பழைய நகர மதிலுக்குள் ஓட்டல்கள் மட்டும் இருந்தன. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு 1996-லேயே முயன்றும் 2019-ல்தான் இடம் கிடைத்தது. மேலாண்மைத் திட்டம் சரியில்லை, புதுச் செங்கலை வைத்து இஷ்டத்துக்குப் புதுப்பிக்கிறார்கள் என்பவை தடங்கல்களில் முக்கியமானவை. ஓட்டல்களை வெளியே மாற்றும் பேச்சும் அந்தப் பட்டியலை ஒட்டித்தான் சூடு பிடித்தது. குடியானவனுக்குச் சொற்ப நாள் கெடு, ஓட்டலுக்கு வருஷக்கணக்கில் அவகாசம்!

பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மியின்கபா என்ற கிராமம் அரக்குப் பாத்திரங்களுக்குப் பேர்போனது. மூங்கில் சிம்பைச் சுற்றிக் கிண்ணம் வனைவார்கள், மெல்லிய கோப்பைக்குக் குதிரைமயிரைச் சேர்த்துப் பின்னுவார்கள். தித்சி மரப்பாலைப் பூசி நிலவறையில் காயவைத்து, மறுபடி பூசி, ஒரு நல்ல கிண்ணம் முடிய மாதக்கணக்கில் ஆகும். எங்கள் பேருந்து அங்கே நின்றது இருபது நிமிஷம். அதிலும் விற்ற விலையில் ஒரு பங்கு எங்களுக்குக் கமிஷன், நானும் வாங்கியவன்தான்.

அப்புறம் ஒரு வழி பிடித்தேன். அந்த மியின்கபாவில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. கேரளக் கரையிலிருந்த மகோதயர்பட்டணத்துக் குலசேகர நம்பி என்பவர் பகானில் இருந்த நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. இதைச் சொன்னதும் நம்மவர்கள் அந்தக் கிராமத்திலேயே அரை நாள் உட்கார்ந்துவிட்டார்கள். ஊருக்குள் சாப்பாடு, அரக்குப் பட்டறையில் நிதானமாகப் பேச்சு, கமிஷன் இல்லாத வியாபாரம். பட்டறை நடத்திய அமா (அக்காவைப் பர்மியர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தேநீர் வேறு கொடுத்தார். கூட்டத்தைக் கலைக்கத் தடியைவிடக் கதை நன்றாக வேலை செய்கிறது. உங்கள் குளத்துக்கும் ஒரு கதை இருக்குமே?

ஒன்றை மறக்க வேண்டாம். 2020-ல் கொரோனா, 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மின்சைக்கிள் வாடகையை மட்டுமே நம்பியிருந்தவர்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு வெறுமனே உட்கார்ந்தார்கள். கடலைக்காடும் பனைமரமும் கையில் வைத்திருந்தவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். அதனால் வயலை விற்று விடுதி கட்ட யாரையும் தூண்டிவிடாதீர்கள்.

குழுவில் யார் யார் என்று நீங்கள் எழுதவில்லை. குளக்கரையில் கடை போட்டிருப்பவர் ஒருவராவது அதில் இருக்கிறாரா?