நீலகிரியில் பிளஸ் டூ முடித்தவர்களைக் கல்லூரியில் சேர்ப்பது ஏன் கடினம்?

பணம்தான் காரணம் என்பார்கள். என் பார்வையில் முதல் தடை தூரம். கூடலூரிலும் அரசுக் கல்லூரி உண்டு. ஆனால் விரும்பிய பாடம் அங்கே இல்லையென்றால் ஊட்டிக்குச் சுமார் 50 கி.மீ. மலைப்பாதை. ஜூன், ஜூலையில் சேர்க்கை நடக்கும்போதுதான் தென்மேற்குப் பருவமழையும் கொட்டும். மரம் விழுந்தால் பஸ் நின்றுவிடும். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) மகளோடு கலந்தாய்வுக்கு வரும் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. இதைச் சேர்க்கைக் குழுவினர் மறக்கவே கூடாது.

ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. மாணவர்களுக்கு அதேபோன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. ஆனாலும் விடுதி உறுதியாகாமல் பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். வசதியுள்ளவர்கள் கோவைக்கு இறங்கிவிடுகிறார்கள். சேர்க்கைக் கடிதத்தோடு விடுதி இடத்தையும் கொடுங்கள். விண்ணப்ப உதவியைப் பந்தலூர் போன்ற தொலைவான ஊர்களின் பள்ளிகளுக்கே கொண்டுபோங்கள்.